எந்த வம்சத்துக் குரங்கு?

மகளின் தோளைக் கடித்துக் குதறிய காது கிழிந்த குரங்கைப் பிடிக்கச் சொல்லி, ஒச்சம்மா நான்காவது முறையாகப் போடியிலுள்ள குரங்கு வம்சாவளி அலுவலகத்துக்கு வந்திருந்தாள். வம்சம் தெரியாமல் எந்தக் குரங்குக்கும் கூண்டு வைக்கக் கூடாது என்பது சட்டம். முதல் முறை முடி கேட்டார்கள். அடுத்த முறை எச்சில் வேண்டும் என்றார்கள். அது கடித்துப் போட்ட கொய்யாவை ஐஸ் நிரப்பிய தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் முறை மெஷின் ரிப்பேர்.

"ரிசல்ட் வந்துருச்சும்மா," என்றார் எழுத்தர் முத்திருளன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மரபணுப்படி பாதி நாட்டுக்குரங்கு, பாதி வடக்கத்திக் குரங்கு. இப்படி ஒரு கிளை பதிவேட்டுலயே இல்ல. அதனால அப்படி ஒரு குரங்கே இல்லன்னு புகாரை முடிச்சுட்டோம்."

"இல்லாத குரங்கா சார் எம்புள்ளைக்கு ஏழு தையல் போட வச்சுச்சு?"

"நான் என்னம்மா பண்றது? சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது."

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக அதே காது கிழிந்த குரங்கு உள்ளே குதித்து, அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்தது. முத்திருளன் நாற்காலி மேல் ஏறிக்கொண்டு அலறினார்.

"கம்பை எடும்மா! விரட்டு!"

ஒச்சம்மா மூலையில் கிடந்த கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எதைய சார்?"