ஒரு மணி நேரம் மூடிய ஸ்டேஷன்

"உங்க அப்பா இன்னும் வரலியேம்மா, டோக்கன் தாண்டிப் போச்சு" என்று சென்னை கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, கிளாராவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயம் அதற்கப்புறம்தான்.

காலையில் திண்டிவனத்தில் ரயில் ஏறியதும் பெரியநாயகம் மகளுக்கு போன் பண்ணியிருந்தார். சென்னையில் இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர் நம்பருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய டோக்கன். போதாததற்கு, அப்பாவுக்காக அவள் செய்யக் கூடாத காரியம் ஒன்றையும் செய்திருந்தாள்.

கிளாரா விழுப்புரத்தில் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் வேலை பார்க்கிறவள். திடீரென்று ஒரு ஸ்டேஷன் முடங்கிப் போனால் மெட்ரோ ரயில் அதை எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதித்துச் சொல்வது அவள் கம்பெனியின் வேலை. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தது போதாது என்று, அன்று காலை ஒரு மணி நேரம் நிஜமாகவே ஒரு ஸ்டேஷனை மூடிப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. விஷயம் வெளியே தெரியக் கூடாது. மேலதிகாரி ஜெகதீசன் அதில் ரொம்பக் கறார்.

"வீட்டுல கூட மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சவங்க எல்லாம் ஒதுங்கிப் போயிட்டா, அப்புறம் எதுக்கு சோதனை?" என்று சொல்லியிருந்தார்.

மூடப் போவது, அப்பா ரயிலை விட்டு இறங்கியதும் மெட்ரோ ஏற வேண்டிய அதே ஸ்டேஷன். அவள் மனசு கேட்கவில்லை. விடியற்காலையில் அப்பாவை போனில் கூப்பிட்டு, மெட்ரோ பக்கமே போகாதே, நேராக பஸ் பிடித்துவிடு என்றாள். ஏன் என்று கேட்டார். சொன்னாள். யாரிடமும் வாய் திறக்காதே, என் வேலை போய்விடும் என்றும் சொன்னாள்.

இத்தனைக்கும் அப்புறம் மனிதர் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை.

இருப்புக் கொள்ளாமல் அறைக்கும் வாசலுக்குமாக அவள் நடந்துகொண்டிருந்தபோது ஜெகதீசன் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். கூட்டம் தேங்கும், தள்ளுமுள்ளு வரும் என்று பயந்தது எதுவுமே நடக்கவில்லையாம். வந்தவர்கள் வந்த வேகத்திலேயே கலைந்துவிட்டார்களாம்.

"ஜனங்க தானா வழி தேடிக்கிறாங்க கிளாரா. கூடுதல் ஆளு, மைக்கு, அறிவிப்பு எதுவும் தேவையில்லன்னு ரிப்போர்ட்ல எழுதிடலாம்" என்றார்.

அவள் சரிங்க சார் என்று சொல்லி வைத்தாள். மனசு அதில் இல்லை.

மத்தியானம் அம்மா லூர்துசெல்வி திண்டிவனத்திலிருந்து பேசினாள். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாராம். டாக்டரைப் பார்க்கவில்லையாம்.

கிளாரா அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. வழியெல்லாம் அப்பாவை என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பழைய சிநேகிதன் யாரையாவது பார்த்திருப்பார். டீக்கடையில் உட்கார்ந்து கதை பேசியிருப்பார். வேறென்ன?

வீட்டில் பெரியநாயகம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அம்மா வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு கிளாரா பிடித்துக்கொண்டாள்.

"என் வேலையே போனாலும் பரவால்லன்னுதானே உனக்கு மட்டும் சொன்னேன்? எங்க சுத்திக்கினு இருந்தப்பா? போனைக் கூட எடுக்காம?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருக்கிறவர். தெருமுனையில் நிற்கிற லாரிக்காரனை உள்ளேயிருந்தே கூப்பிடுகிற குரல் அவருக்கு.

"வந்ததுலேர்ந்து இப்படித்தான். பனி ஒத்துக்கலியோ என்னமோ" என்றாள் அம்மா.

கிளாராவுக்கு இரக்கம் வரவில்லை. "அடுத்த டோக்கன் எப்ப கெடைக்குமோ. கண்ணு முழுசா மறைச்சிக்கினா என்ன பண்ணுவ?" என்றாள்.

பெரியநாயகம் வெந்நீரைக் குடித்துவிட்டு, கிட்டே வா என்று கையைக் காட்டினார். அவள் குனிந்தாள்.

"பஸ்ஸுக்குத்தாம்மா போய்க்கினு இருந்தேன்" என்றார் கரகரவென்று. "மெட்ரோ வாசல்ல ஜனம் நின்னுச்சு. இப்ப தொறப்பாங்க, இப்ப தொறப்பாங்கன்னு நின்னுக்கினே இருக்குது. வாட்ச்மேனுக்கே ஒண்ணும் தெரியல. ஒருத்தி கைக்கொழந்தையோட நிக்கிறா. பரீட்சைக்குப் போற பொண்ணு ஒண்ணு அழுவுது. தொறக்க மாட்டாங்கன்னு அங்க எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். தெரிஞ்சிக்கினே நான் மட்டும் எப்படிம்மா பஸ் ஏறிப் போறது?"

கிளாரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. ஜெகதீசன்தான். ரிப்போர்ட் தயார், மெட்ரோவுக்கு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டார். பெரியநாயகம் பதறிப்போய், ஒன்றும் சொல்லாதே என்று கையை ஆட்டினார்.

"அனுப்பாதீங்க சார்" என்றாள் கிளாரா. "ஜனங்க தானா கலைஞ்சி போகல. எங்கப்பாதான் கேட்டுக்கு முன்னாடி நின்னு, தொண்டை கட்டிப் போற வரைக்கும் கத்தி, எல்லாரையும் பஸ்ல ஏத்தி விட்டிருக்காரு. அவருகிட்ட சொன்னது நான்தான்."