மூன்றாவது மன்றாட்டு

2025ஆம் ஆண்டு ஜூலை 9, புதன்கிழமை. கருமத்தம்பட்டியில் பகலெல்லாம் மேகமூட்டம். மாலை ஆறு மணிக்குத் தென்மேற்குக் காற்றோடு தூறல் விழுந்து நின்றது.

ஏழு மணிக்கு அமலோற்பவத்தின் வீட்டில் அன்பியக் கூட்டம் தொடங்கியது. அந்தத் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் புதன்தோறும் கூடி, விவிலியம் வாசித்து, வாசித்ததைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் அது. அன்று இருபத்திரண்டு பேர். செருப்புகள் வாசலைத் தாண்டித் தெருவுக்கே இறங்கியிருந்தன.

மார்ச் மாதத்தில் வந்தவர்கள் ஆறே பேர். காரணம், சுவருக்கு அப்பால் இருந்த காளிச்சாமியின் தறிக்கூடம். பன்னிரண்டு விசைத்தறிகள் ஒன்றாக ஓடினால், வாசிப்பவருக்கே தம் குரல் கேட்காது.

"காதுல உழுகாத வார்த்தைக்கு நான் எதுக்குங்க உக்கோந்திருக்கோணும்?" என்று பெரியவர் சூசையப்பன் பாதியில் எழுந்து போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

ஆள் இல்லையென்றால் பக்கத்துத் தெரு அன்பியத்தோடு சேர்த்துவிடுவதாகப் பங்குத்தந்தையும் சொல்லிவிட்டார். அமலோற்பவம் தலைவியாக இருந்து பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டிக் காத்த கூட்டம். அவர் நேரே தறிக்கூடத்துக்குப் போனார்.

"ஏனுங்கண்ணா, புதங்கெழமை ஒரே ஒரு மணி நேரம் தறிய நிறுத்துனீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"தறி நின்னா பொழப்பு நின்னு போயிருமுங்க அம்மணி. உங்க சாமிக்குக் காது நல்லாத்தானுங்க கேக்கும்," என்று முகத்தைப் பாராமலே சொல்லிவிட்டார் காளிச்சாமி.

அந்த வாரம் தொடங்கியதுதான் மூன்றாவது மன்றாட்டு. கூட்டத்தின் முடிவில் சொல்லும் வேண்டுதல்கள் மூன்று; திருச்சபைக்காக ஒன்று, நோயாளிகளுக்காக ஒன்று, கடைசியாக, அமலோற்பவமே சொல் சொல்லாகச் செதுக்கிய இது: "இரக்கமற்ற எங்கள் அண்டை வீட்டாரின் கல் நெஞ்சத்தை உருக்கியருளும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்பார்கள் அனைவரும். மற்ற இரண்டையும்விட இதற்குத்தான் குரல் ஓங்கும்.

ஏப்ரலில், ஈஸ்டர் என்னும் உயிர்ப்பு ஞாயிறு கழிந்த புதனன்று, ஏழு மணிக்குத் தறிகள் பொசுக்கென்று நின்றன. எட்டு மணிக்குத்தான் மறுபடி ஓடின. அடுத்த புதனும் அப்படியே; அதற்கடுத்த புதனும் அப்படியே.

"தறிக்கு வர்ற த்ரீ பேஸ் கரண்ட் மட்டும் போகுதாட்ட இருக்குது. ஊட்டு லைனு வேறயிங்களே," என்று விளக்கம் சொன்னார் கூட்டத்துக்கு வரும் லூர்துமேரி.

"தானாப் போகுதுங்களா? ஆண்டவரு புடுங்கறாருங்க," என்றார், தறி நின்ற அன்றே கூட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்ட சூசையப்பன்.

செய்தி பரவியது, கூட்டம் நிறைந்தது. கரண்ட்டை நிறுத்தியவர் மனத்தையும் மாற்றுவார் என்ற நம்பிக்கையில், அமலோற்பவம் மூன்றாவது மன்றாட்டை மட்டும் விடவில்லை.

அதற்காகத்தான் இந்த ஜூலை 9இல் நன்றிக் கூட்டம். அன்பியத்தைக் கலைக்கப் போவதில்லை என்று பங்குத்தந்தை சொல்லியனுப்பியிருந்தார். அடுக்களையில் பாசிப்பருப்புப் பாயசம் மணத்தது. வாசகமோ, எதிரி பசியாயிருந்தால் அவனுக்கு உணவு கொடு என்னும் பகுதி. பகிர்வு முடிந்ததும் லூர்துமேரி வாயைத் திறந்தார்.

"ஏனுங்கக்கா, படிச்சுப்போட்டுச் சும்மா இருந்தா ஆச்சுங்களா? காளிச்சாமியண்ணனுக்கு ஒரு போசி பாயசம் குடுத்துப்போட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதானுங்களே தலைவி. நாங்க போனா மரியாதையா இருக்குமுங்களா?"

இருபத்தொரு பேரும் அவரையே பார்த்தார்கள். தப்ப வழியில்லை.

"ஒரு பாட்டப் பாடிட்டிருங்க. வந்து மன்றாட்டுச் சொல்லிக்கலாம்," என்று பாயசம் ஊற்றிய போசிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

தறிக்கூடத்தில் காலடி வைத்தவர் அப்படியே நின்றார். மின்பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. மூன்று பேஸிலும் கரண்ட் இருந்தது, தறிகள்தாம் ஓடவில்லை. தறி ஓட்டுபவர்கள் பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காளிச்சாமி மட்டும் பொதுச்சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் இருக்குதுங்களே அண்ணா."

"எப்பப் போச்சுங்க?"

"அப்பறம் தறி ஏனுங்க நிக்குது?"

காளிச்சாமி தலையைச் சொறிந்தார். "அந்தப் பெரியவரு கூட்டத்துல இருந்து எந்திரிச்சுப் போனாருங்களே, அத எங்கூட்டுக்காரி பாத்துப்போட்டு, என்னைய ஒரு மாசமாப் புடிபுடின்னு புடிச்சுப்போட்டா. செரின்னு புதங்கெழமைக்கு மட்டும் ஆளுக சோத்து நேரத்த ஏழு மணிக்கு மாத்திப்போட்டனுங்க."

"ஒரு வார்த்த எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"முடியாதுன்னு சொன்ன வாயிங்க. மறுக்கா வந்து எப்படிங்க சொல்றது? வெக்கமாப் போச்சு."

போசியை வாங்கிக்கொண்டவர், சுவர்ப்பக்கம் காதைச் சாய்த்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்தக் கல்லு நெஞ்சுக்காரன் வேண்டுதல் இன்னும் வரலீங்களே? வாராவாரம் அது காதுல உழுந்தாத்தானுங்க, உங்க கூட்டம் முடிஞ்சுதுன்னு நான் தறிய ஓட்டுவேன்."

அன்று மூன்றாவது மன்றாட்டு சொல்லப்படவில்லை. அமலோற்பவம் திரும்பி வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் கூட்டத்தில் சொன்னார். முதலில் சூசையப்பன் சிரிக்கத் தொடங்க, வீடே சிரித்தது. பாயசம் குடித்து முடிக்க எட்டே கால் ஆயிற்று. அதுவரை தறிகள் ஓடவில்லை. அமலோற்பவம் சன்னலைத் திறந்து, "முடிஞ்சுதுங்கண்ணா, ஓட்டுங்க," என்றார். தறிகள் ஓடின. அடுத்த புதனிலிருந்து கூட்டம் அந்தச் சொற்களோடுதான் முடிகிறது.