வாத்துக்குட்டியின் வருமானம்

“இவளுக்கு இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போடணும் மேடம்.”

ஆடிட்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். அவர் கைகாட்டிய ஆளுக்கு, நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை.

“பாப்பா என்ன படிக்கிறா?”

“நாலாவது,” என்றாள் சிறுமி. “நான் பாப்பா இல்ல ஆன்ட்டி. எனக்கு ஒன்பது முடிஞ்சிடுச்சு.”

“சரிங்கம்மா. நீங்க அப்படி என்ன சம்பாதிக்கிறீங்க?”

பதிலுக்கு ஒரு வாத்துக்குட்டி பேசியது. அசல் வாத்துக்குட்டியேதான். பக்கத்து அறையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டிவியில் ஓடும் கார்ட்டூன் ஒன்றில் வாத்துக்குட்டிக்கு இவள்தான் குரல். அதோடு இரண்டு பிஸ்கட் விளம்பரம், ஒரு பற்பசை விளம்பரம். அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து ரசீதுகளை எடுத்துத் தேதி வாரியாக மேஜையில் அடுக்கினார். ஒன்றுகூட மடங்கியிருக்கவில்லை.

“நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

“லேத் பட்டறையில இருந்தேன். ஒரு வருஷமா போகல. இவளை ரெக்கார்டிங்குக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வர ஆள் வேணும்ல. இவ அம்மா நர்ஸ். அந்தச் சம்பளத்துல இழுத்துப் பிடிச்சு ஓட்டுறோம்.”

ஓஹோ, என்றது ஆடிட்டரம்மாவின் முகம். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவர் எத்தனையோ அப்பாக்களைப் பார்த்திருக்கிறார். தொட்டில் குழந்தை பேரில் கடை வைத்தவர்கள்கூட உண்டு.

கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார்.

“சொந்தத் திறமையில சம்பாதிச்சதால இது இவ வருமானம்தான். உங்க கணக்குல சேராது. ஆனா மொத்தமே வரம்புக்குக் கீழ இருக்கு. ரிட்டர்ன் போட வேண்டிய அவசியமே இல்ல. நிம்மதியா போயிட்டு வாங்க.”

அப்பா எழுந்திருக்கவில்லை.

“அவசியம் இல்லேன்னாலும் போடலாம்ல மேடம்?”

“போடலாம். ஆனா எதுக்கு? என் ஃபீஸ்தான் உங்களுக்குத் தண்டம்.”

“பரவால்ல.”

“லோன் ஏதாவது வாங்கப்போறீங்களா?”

“இல்ல.”

“வெளிநாட்டுக்கு விசா?”

“அதெல்லாம் இல்ல மேடம்.”

இதற்குள் வாத்துக்குட்டிக்கு வேறு கவலை வந்திருந்தது.

“ஆன்ட்டி, வரி கட்டுறவங்க எல்லாரும் ஓட்டுப் போடலாமா?”

“ஓட்டுக்குப் பதினெட்டு ஆகணும்.”

“வரிக்கு?”

“வரிக்கு வயசு கிடையாதும்மா.”

“அப்ப, இன்னிக்குப் பொறந்த குழந்தை சம்பாதிச்சா?”

“வரம்பைத் தாண்டினா அதுவும் கட்டணும்.”

“பல்லே இல்லாம?” சிறுமி சற்று யோசித்தாள். “அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே.”

“அதோட அப்பாவோ அம்மாவோ போடுவாங்க.”

அப்பா சட்டென்று நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“அப்ப இவளுக்கு நான் போடணுமா மேடம்? இவ இவ்வளவு சம்பாதிச்சான்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி இருக்குமா?”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு.”

என்ன நல்லதாகப் போயிற்று என்று ஆடிட்டரம்மாவுக்குப் புரியவில்லை. இந்த மனுஷன் எதற்கோ அடிபோடுகிறார் என்பது மட்டும் நிச்சயம். “அந்த ரூம்ல ஜெராக்ஸ் மெஷின் இருக்கு, போய்ப் பாரும்மா” என்று சிறுமியை அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பணமெல்லாம் எங்க இருக்கு?”

“பேங்க்ல. இவ பேர்ல.”

“எடுக்கிறது யாரு?”

“நான்தான். ரெண்டு மாசம் முன்னாடி வீட்டு வாடகைக்குக் கொஞ்சம் எடுத்தேன்.” தயங்கிவிட்டுக் கேட்டார். “அதையும் ரிட்டர்ன்ல ஒரு ஓரத்துல எழுத முடியுமா?”

“அதுக்கெல்லாம் இதுல இடம் கிடையாது.”

அவர் முகம் வாடியது. ஆடிட்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“மறைக்காம சொல்லுங்க சார். இந்தப் பேப்பரை யார்கிட்ட காட்டப்போறீங்க?”

பக்கத்து அறையில் மெஷினின் சத்தத்துக்கு ஏற்றபடி வாத்துக்குட்டி குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சின்ன வயசுல நானும் நடிச்சிருக்கேன் மேடம். அஞ்சு வயசுல ஆரம்பிச்சது. சோப்பு, பால்பவுடர், மூணு சினிமா. குரல் உடைஞ்சதும் ஒருத்தரும் கூப்பிடல. காலேஜுல சேரணும், என் பணத்தைக் குடுங்கன்னு வீட்டுல கேட்டேன். ‘நீ என்ன சம்பாதிச்சுக் கிழிச்சே’ன்னு கேட்டாரு எங்கப்பா. இவ்வளவுன்னு காட்ட என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல.”

ஆடிட்டரம்மா கால்குலேட்டரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“எங்கப்பா ஒண்ணும் கெட்டவர் இல்ல. மொதல்ல அவரும் வாடகைக்குத்தான் எடுத்தாரு.”

ஆடிட்டரம்மா ரசீதுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் புதுப் படிவம் ஒன்றைத் திறந்தார்.

“யார்கிட்ட காட்டப்போறேன்னு கேட்டீங்களே,” என்றார் அப்பா. “நாளைக்கு இவ என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டா, என்னால இல்லேன்னு சொல்ல முடியக் கூடாது மேடம்.”