உச்சிக்குழி

"பாருங்க அபாங், மறுபடியும் பள்ளமா இறங்கிருச்சு."

வேன் குலுங்கும்போதெல்லாம் ரோஹாயா குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்தாள். தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த இர்ஃபானின் உச்சிக்குழி லேசாக உள்வாங்கி, மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. கண்ணீர்தான் வரவில்லை.

"சும்மா சும்மா தொடாத. நீ தொட்டுத் தொட்டே குழி விழுந்துரும் போல," என்றான் அவள் கணவன் ஜம்ரி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பக்கத்து வீட்டு சால்மாக்கா சொன்னாங்க. உச்சி இறங்கினா உடம்புல தண்ணி வத்திப்போச்சுன்னு அர்த்தமாம். அப்படியே விட்டா புள்ள..."

மிச்சத்தை அவளால் சொல்ல முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இர்ஃபான் மூத்திரம் போனதில் மடி சூடாக நனைந்தது. கிளம்பியதிலிருந்து இது மூன்றாவது துணி. மாற்றத் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்தே உடம்பு அடித்துப் போட்டதுபோலத்தான் கிடந்தது.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி குழந்தையை வாங்கி, நிமிர்த்திப் பிடித்து, உச்சியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். ஈரத்துணியையும் தொட்டுப் பார்த்தாள்.

"பால் குடிக்கிறானா?"

"விடாம குடிக்கிறான் மிஸ்ஸி. அப்புறமும் ஏன் இப்படி வத்திப்போறான்?"

மிஸ்ஸி குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜம்ரியைப் பார்த்தாள். "வீட்ல பத்தியமெல்லாம் எப்படி?"

ஜம்ரியின் முகம் மலர்ந்தது. "எங்க அக்கா வந்து பாத்துக்கிறாங்க மிஸ்ஸி. பட்டாளத்து சார்ஜெண்ட் தோத்தான்! சுட்ட மீனு, சுடு சோறு, அவ்வளவுதான். பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு உள்ள போகாதாமே? காலையில அரை கிளாஸ், ராத்திரி அரை கிளாஸ். நான் பாவம்னு நேத்து ஒரு வாய் கூடக் குடுத்துட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"நல்ல சார்ஜெண்ட்," என்றாள் மிஸ்ஸி. அதற்கப்புறமும் என்னவோ சொன்னாள். ரோஹாயாவின் காதில் வெறும் இரைச்சல்தான் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

கண்ணைத் திறந்தபோது மிஸ்ஸி டிரிப் கம்பியை உருட்டிக்கொண்டு வந்தாள். தட்டில் ஊசி.

ரோஹாயா குழந்தையின் கையை அவசரமாகத் தன் தலையை மூடியிருந்த துடுங்குக்குள் மறைத்தாள்.

"அய்யோ, இந்தத் துளியூண்டு கையிலயா? நரம்பே தெரியாதே மிஸ்ஸி! அவன் தாங்கமாட்டான்!"

மிஸ்ஸி குழந்தையை மெதுவாக எடுத்து ஜம்ரியிடம் கொடுத்தாள்.

"அவன் நல்லாத்தான் இருக்கான் தங்கச்சி. நீ கைய நீட்டு."