ஒன்றாம் அறை

திண்டிவனத்துக் கிளினிக்கில் ஜெர்லின் எழுதிய டோக்கன் மென்பொருள், ஒன்றாம் அறைப் பல் டாக்டரிடம் வந்தவர்களை இரண்டாம் அறைக் கண் டாக்டரிடம் அனுப்பிக்கொண்டிருந்தது. எத்தனை முறை திருத்தியும் மாறவில்லை. "இன்னிக்கும் சரியாகலன்னா மெஷினையே கழட்டிடுவேன்" என்றார் பல் டாக்டர்.

மென்பொருளைக் கிளினிக்குக்கு அனுப்பும் சுதாகருக்கு, எரிச்சலோடு விழுப்புரம் அலுவலகத்துக்குப் போன் போட்டாள் ஜெர்லின்.

"சுதாகர், எதுலேர்ந்து ரிலீஸ் அனுப்பிக்கினு இருக்கே?"

"போன மாசம் கோடுல அடையாளமா வெச்ச டேக்லேர்ந்துதான்."

"ஐயோ! நான் தெனமும் திருத்துறதெல்லாம் கோடோட பிராஞ்சுல சேருது. பிராஞ்ச் வளர்ந்துகினே போனாலும் டேக் வெச்ச எடத்துலயேதான் நிக்கும், நீ அனுப்புறது போன மாசத்துப் பழசு. ஜல்தியா புது டேக் வெச்சு அனுப்பு!"

அனுப்பினான். "டோக்கன் பன்னிரண்டு, ஒன்றாம் அறை" என்று மெஷின் அழைத்தது. ஜெர்லினுக்கு உயிர் வந்தது.

வீங்கிய கன்னத்தோடு எழுந்த பெண் இரண்டாம் அறைக்கு நடந்தாள்.

"அக்கா, ஒன்னாம் ரூமுங்க!"

"தெனமும் வந்துகினுதாம்மா இருக்கேன். இது எப்பவும் மாத்திதான் சொல்லும்!"