மனு கிடைத்துவிட்டது

வேங்கிக்கால் வக்கீல் ஆபீஸில் சர்வரின் டேட்டாபேஸ் கெட்டுப்போய், கோப்புகளெல்லாம் பெயர் தெரியாமல் வெறும் எண்களாகக் கிடந்தன. அதைச் சரிசெய்ய வந்த கவிநிலா மூன்று நாளாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மனு கிடைச்சுதுங்களா?" இருப்புக்கொள்ளாமல் பத்தாவது தடவையாக எட்டிப் பார்த்தான் பிரசாத்.

"இப்பதாங்க கிடைச்சுது! ஒரு எழுத்து கூட போகல."

அவன் முகம் வாடிப்போயிற்று. குரலைத் தாழ்த்தினான்.

"கையெழுத்துப் போட வந்து மூணு நாளா ஒரே பெஞ்சுல காத்துட்டிருக்கோம். ஒரு வருஷமா பேசாதவ நேத்துதான் பேசினா. அந்த விவாகரத்து மனு கிடைக்கலைன்னு சொல்லிடுங்களேன்."

கவிநிலா வெளியே வந்தாள். பெஞ்சிலிருந்து பதறி எழுந்தாள் அவன் மனைவி அபிநயா.

"இன்னும் கிடைக்கலைங்க. நாளைக்கு வாங்க."

அபிநயா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"அவசரமே இல்லைங்க. மெதுவாவே தேடுங்க."