ஆடு ஆடுதானே

நரிக்குக் கணக்கு அத்துப்படி. பட்டியில் பத்து வெள்ளாடுகள் இருந்தபோது நாள் தவறாமல் கவனித்திருந்தது. ஒவ்வொரு ஆடும் வேலியைத் தாண்டும், அல்லது தாண்டாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்று செய்வதை இன்னொன்று சட்டை செய்வதில்லை. அதனால் பெரும்பாலும் நாலைந்துதான் வெளியே வரும், அதில் ஒன்றைக் கவ்விவிடலாம். பத்தும் சேர்ந்து வந்தால் நரியை மிதித்தே கொன்றுவிடும். அப்படி வந்ததே இல்லை.

கோடையில் வெள்ளாடுகள் போய்ப் பத்து செம்மறிகள் வந்தன. நரி வேலியோரம் பதுங்கியது.

"மாமா, இது வேற ஆடு, தள்ளிப் படுங்க" என்றது காகம்.

"ஆடு ஆடுதானேடா? அதே பத்து, அதே வேலி."

"இதுங்க ஒண்ணை ஒண்ணு பாக்கும்."

"பாத்தா என்ன, கல்யாணமா பேசப் போகுதுங்க?"

மத்தியானம்வரை ஒன்றும் தாண்டவில்லை. பசி தாங்காமல் நரி எழுந்தபோது ஒரு செம்மறி குதித்தது. உடனே மற்ற ஒன்பதும் வரிசையாக நரியின் விலாவில் வந்து இறங்கின.

நசுங்கிக் கிடந்த நரி, கடைசி ஆட்டைப் பார்த்து, "நீ எதுக்குடா குதிச்சே?" என்று முனகியது.

செம்மறி சற்று யோசித்தது.

"முன்னால போனவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஓடியது.